கேட்காமல் விட்ட கேள்வி

வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை என்று கேள்விப்பட்டதும் நம் மக்களின் வாயில் முதலில் வரும் சொல் "திமிர்" என்பது. அதனைத் தொடர்ந்து வருவது, "நாலு போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்" என்னும் அறிவுரை. இவ்விரண்டையும் நாமும் ஒரு காலத்தில் நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையால் ஒரு சிறுவனுக்கு நாம் இழைத்த பிழையை இத்தனை ஆண்டுகளாக எவரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. இன்று சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. நம் பங்குகளிலும் குடும்பங்களிலும் அதே பிழை இன்னும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டு வருகிறது.

நாம் குருப்பட்டம் பெற்ற புதிது. இரயில் சந்திப்பு உள்ள ஒரு நகரத்தில் உதவிப் பங்குக்குருவாக இருந்தோம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், கோவில்பிள்ளை ஒரு சிறுவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். "மாதா கெபிக்குப் பின்னாலே பதுங்கியிருந்தான், சாமி. உண்டியலுக்குக் குறி வைத்திருப்பான்" என்றார். சிறுவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். காலில் செருப்பில்லை. உண்டியல் இருந்த பக்கத்தை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. அவன் பார்வையெல்லாம் நம் சமையற்கட்டின் வாசலில் இருந்தது.

அவனுக்குச் சோறு போட்டோம். நாம் உண்ணும் மேசையிலேயே அமர்த்திப் போட்டோம் என்பதில் நமக்கு அன்று சிறிது பெருமையும் இருந்தது. உண்டு முடித்ததும் ஊதாரிப் பிள்ளையின் உவமையை அவனுக்கு எடுத்துச் சொன்னோம். தந்தை எப்படி வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார், மகனைக் கண்டதும் எப்படி ஓடி வந்து தழுவிக்கொண்டார் என்பதையெல்லாம் உருக்கமாக விளக்கினோம். அவன் தலைகுனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அவனது இடக்கையின் புறத்தே, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, மூன்று வட்டத் தழும்புகள் இருந்தன. அவற்றைக் கண்டோம். ஏதோ விளையாட்டில் பட்ட காயம் என்று எண்ணிக்கொண்டோம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் உபதேசியாரைத் துணையாக்கி, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, அவனை ஊருக்கு அனுப்பி வைத்தோம். மாலையில் திரும்பிய உபதேசியார், தகப்பன் வாசலில் நின்று கண்ணீர்விட்டுக் கைகூப்பியதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு மறையுரையில் அந்நிகழ்ச்சியையே எடுத்துரைத்தோம். மக்கள் உருகிப்போயினர்.

மூன்று திங்கள் கழித்து, அவ்வூர்ப் பக்கம் சென்று வந்த உபதேசியார் தயங்கித் தயங்கிச் செய்தி சொன்னார். வீடு சேர்ந்த பதினோராம் நாளே பையன் மறுபடியும் போய்விட்டானாம். தாய் இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தகப்பன் குடித்துவிட்டு வரும் இரவுகளில் எரியும் பீடியை மகனின் கையில் வைத்து அழுத்துவது அக்கம்பக்கத்தார் அனைவரும் அறிந்த சங்கதியாம். அதன்பின் அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. உயிரோடிருந்தால் இன்று நாற்பது வயதை நெருங்கியிருப்பான்.

நாம் அவனிடம் பெயரைக் கேட்டோம். ஊரைக் கேட்டோம். தந்தையின் பெயரையும் கேட்டோம். "வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா?" என்று மட்டும் கேட்கவில்லை. உவமையில் வரும் தந்தை நல்லவர். ஆனால் வீட்டைவிட்டு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்தகைய தந்தை வாய்த்திருக்கிறார் என்று அந்த உவமை எங்கும் சொல்லவில்லை. குருமடத்தில் பல ஆண்டுகள் மறைநூல் பயின்ற நமக்கு இச்சிறு உண்மை அன்று தோன்றாமற்போயிற்று.

நாம் கேளாமல் விட்ட அக்கேள்வியைக் கேட்பதையே பணியாகக் கொண்டவர்கள் அப்போதே நம் நாட்டில் இருந்தனர். மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஆசிரியப் பணி செய்த ஜெரூ பில்லிமோரியா என்னும் பெண்மணி, இரயில் நிலையங்களிலும் தெருவோரங்களிலும் வாழ்ந்த சிறுவரோடு பழகி, அவசரமானால் அழைக்கும்படி தம் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைத்தார். அடிபட்டவன், காய்ச்சலில் கிடப்பவன், காவலரிடம் அகப்பட்டவன் என்று இரவெல்லாம் அழைப்புகள் வரலாயின. ஒருவர் வீட்டுத் தொலைபேசியால் தாங்கக்கூடிய சுமையன்று அது. அந்த அனுபவத்திலிருந்தே 1996-ஆம் ஆண்டு மும்பையில் 'சைல்டுலைன்' பிறந்தது. அதன் எண் 1098. அதனை இந்தியில் "தஸ், நௌ, ஆட்" என்று, அதாவது பத்து, ஒன்பது, எட்டு என்று, எழுத்தறியாத பிள்ளையும் மறவாதபடி சொல்லும் முறையை அச்சிறுவரே கண்டுபிடித்துக் கொடுத்தனர். நடுவண் அரசு இப்பணிக்குத் துணை நிற்க முன்வந்தது. 1999-இல் சைல்டுலைன் இந்தியா அறக்கட்டளை அமைந்தது. பின்னர் நாட்டின் 500-க்கும் மேற்பட்ட மாவட்டங்களில் தொண்டு நிறுவனங்கள் வாயிலாக இச்சேவை பரவியது. அவற்றுள் துறவற சபையார் நடத்தும் நிறுவனங்களும் பல.

பிற நாடுகளில் இத்தகைய சேவை எவ்வாறு தோன்றியது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1971-ஆம் ஆண்டு இளைஞர்களுக்கென ஒரு தொலைபேசி உதவிச் சேவை தொடங்கிற்று. 1973 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், காணாமற்போன 27 இளைஞர்களும் சிறுவர்களும் கொலையுண்டிருந்தது வெளிப்பட்டது. அவர்களிற் பலரைப் பெற்றோர் தேடிக் காவல்துறையிடம் முறையிட்டபோது, "ஓடிப்போயிருப்பான், திரும்பி வந்துவிடுவான்" என்ற விடையே கிடைத்திருந்தது. "ஓடிப்போனவன்" என்ற ஒரு சொல் தேடுவோரின் கையைக் கட்டிவிட்டது. நாடே அதிர்ந்தது. வீட்டைவிட்டு வெளியேறிய பிள்ளைகளுக்கென 1974-இல் அந்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சிக்காகோவின் சேவை அரசு உதவியோடு நாடு முழுமைக்கும் உரியதாக விரிந்தது. இன்றும் அது நடைபெறுகிறது. தான் இருக்கும் இடத்தைச் சொல்ல அஞ்சும் பிள்ளை, "நலமாயிருக்கிறேன்" என்ற செய்தியை மட்டும் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பலாம். பேச விரும்பினால், பணியாளர் ஒருவர் நடுவே இருந்து இருதரப்பையும் ஒரே இணைப்பில் பேச வைப்பார். வீடு திரும்ப விரும்பும் பிள்ளைக்கு 1995 முதல் பேருந்துப் பயணச்சீட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் பேச்சு, அதன் பின்னரே பயணச்சீட்டு என்னும் அந்த வரிசையைக் கவனியுங்கள். நாம் முதலில் பயணச்சீட்டைக் கொடுத்தோம்.

நம் நாட்டு முறையும் அந்த வரிசையைத்தான் சட்டமாக்கியிருக்கிறது. 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்குவது, கட்டணமில்லாதது. பிள்ளையே அழைக்கலாம், பிள்ளையைக் கண்டவரும் அழைக்கலாம். தேவையானால் பணியாளர் நேரில் வருவர். 18 வயது நிரம்பாத அப்பிள்ளை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட அக்குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. வீட்டுச் சூழலை விசாரித்து, பிள்ளையின் சொல்லையும் கேட்டு, வீட்டுக்கு அனுப்புவதா, சிலகாலம் இல்லத்தில் வைப்பதா என்று அக்குழுவே முடிவு செய்யும். இயன்றவரை குடும்பத்தோடு சேர்ப்பதே நோக்கம். இல்லத்தில் வைப்பது வேறு வழியில்லாதபோதுதான். ஆகவே, இது குடும்பத்தைப் பிரிக்கும் ஏற்பாடு என்று சிலர் சொல்வது சரியன்று.

இன்னொன்றையும் நம் உடன் குருக்களுக்கும் கன்னியருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி, பாதுகாவலரைப் பிரிந்த குழந்தையைக் கண்டு பொறுப்பேற்கும் எவரும் 24 மணி நேரத்துக்குள் சைல்டுலைனுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். குருமனைக்கும் கன்னியர் மடத்துக்கும் இதில் விலக்கில்லை. இரக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதால் விசாரணை வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தச் சிறுவன் விஷயத்தில் நம்மிடம் இரக்கத்துக்குக் குறைவில்லையே!

இனி, இவ்வளவையும் எழுதத் தூண்டிய நிகழ்ச்சியைச் சொல்கிறோம். எவரும் அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தையும் பெற்றிருக்கிறோம்.

2024-ஆம் ஆண்டு, ஓர் இரவு ஒன்பது மணியளவில், பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கும் நம் பங்கைச் சேர்ந்த அம்மாள் ஒருவர், பதினாறு வயதுப் பெண்ணொருத்தியைக் குருமனைக்கு அழைத்து வந்தார். கடைசிப் பேருந்தும் போன பிறகு பையை மார்போடு அணைத்துக்கொண்டு தனியே அமர்ந்திருந்தாளாம். பார்த்ததும் நமக்குத் திடுக்கிட்டது. நம் பங்குப் பேரவையில் நம்மோடு அமர்ந்து கோவில் கணக்குப் பார்க்கும் ஒருவரின் மகள் அவள். அடுத்திருந்த மடத்திலிருந்து கன்னியர் ஒருவரை வரவழைத்து உடன் இருக்கச் செய்தோம். செய்தி எப்படியோ எட்டி, அரைமணி நேரத்தில் தகப்பனாரும் வந்துவிட்டார்.

"சாமி, விடியறதுக்குள்ளே கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். ஓடிப்போன பெண்ணு என்று பேராயிட்டால் நாளைக்கு யார் கட்டுவாங்க? உங்களைக் காலில் விழுந்து கேட்கிறேன்" என்றார். அவர் அழுதார். அது நடிப்பன்று. அவரை இருபது ஆண்டுகளாக அறிவோம், குடியில்லை, சூதில்லை. பெண்ணை அவரோடு அனுப்பிவிடலாம் என்றே நம் உள்ளம் சொல்லிற்று. "அம்மா, அப்பாவோடு போ" என்னும் சொற்கள் நாவின் நுனிவரை வந்துவிட்டன. அப்பெண் தலைகுனிந்து நின்றாள். அந்தக் குனிந்த தலையை நாம் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறோம். மூன்று தழும்புகள் நினைவுக்கு வந்தன.

தகப்பனாரை வெளித் திண்ணையில் அமரச் சொல்லிவிட்டு, 1098-ஐ அழைத்து, கைப்பேசியை அப்பெண்ணின் கையில் கொடுத்தோம். மறுமுனையில் பேசியவர் ஒரு பெண். என்ன கேட்டார் என்பதைப் பின்னாளில் அவளே நமக்குச் சொன்னாள். முதலில், "சாப்பிட்டியாம்மா?" அடுத்து, "பக்கத்திலே யார் இருக்காங்க? அவங்க இருக்கும்போது பேசலாமா?" அதைக் கேட்டு அவள் நம்மைப் பார்த்தாள், நாம் அறையைவிட்டு வெளியேறினோம். மூன்றாவதாக அவர் கேட்டது: "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா?"

அன்று பகல் முழுவதும் அழாத பெண் அக்கேள்வியைக் கேட்டபின்தான் அழுதாளாம்.

அவ்விரவே பணியாளர் இருவர் வந்தனர். மறுநாள் குழுவின் முன் எல்லாம் வெளிப்பட்டது. பள்ளியைவிட்டு அவளை நிறுத்தியிருந்தனர். உறவில் முப்பத்தொரு வயதுக்காரர் ஒருவருக்கு நிச்சயம் செய்திருந்தனர். "படிக்கிறேன்" என்று மும்முறை சொன்னாளாம்; மூன்றாம் முறை தகப்பனார் கைநீட்டிவிட்டார். மூன்று வாரம் அவள் இல்லத்தில் இருந்தாள். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்விப்பது 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்பதைக் குழுவினர் பெற்றோருக்கு எடுத்துரைத்தனர். தகப்பனார் எழுதிக் கொடுத்தார். பெண் விடுதியில் தங்கிப் படிப்பைத் தொடர்ந்தாள். விடுமுறைக்கு வீட்டுக்கும் சென்று வந்தாள்.

இதனை வெற்றிக் கதையாகச் சொல்ல நமக்கு மனமில்லை. அத்தகப்பனார் பேரவையிலிருந்து விலகினார். ஓராண்டுக்கு மேல் நாம் நிறைவேற்றும் திருப்பலிக்கு வரவில்லை. அடுத்த பங்குக்குப் போய்வந்தார். இப்போது வருகிறார், கடைசி வரிசையில் நிற்கிறார், நம்மோடு பேசுவதில்லை. அவர் வருத்தத்தை நாம் குறை சொல்லவில்லை. அவள் தாய் மட்டும் ஒருநாள் பூசை முடிந்ததும் சாக்கிறீஸ்து வாசலில் நின்று, "எனக்கும் பதினாறு வயசிலேதான் சாமி கட்டி வச்சாங்க" என்றார். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

இந்தச் சேவையிலும் குறைகள் உண்டு. எல்லா அழைப்பும் நன்றாக முடிவதில்லை. 2023-ஆம் ஆண்டு இது தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசுகளின் நேரடிப் பொறுப்புக்கு மாறி, 112 என்னும் அவசர உதவி எண்ணோடு இணைக்கப்பட்டது. காவல்துறையின் நிழல் விழுந்தால் பிள்ளைகள் அஞ்சுவார்களே என்ற கவலையை அப்போது குழந்தைநலப் பணியாளர் பலர் வெளியிட்டனர். அக்கவலை நியாயமானது, அதைப் போக்கும் கடமை அரசுக்கு உண்டு. தேவையோ சிறிதன்று. 2018-இலிருந்து 2024 மே வரை இரயில்வே பாதுகாப்புப் படையினர் மட்டும் மீட்ட பிள்ளைகள் 84,000-க்கும் மேல். இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 1098-க்கு வரும் அழைப்புகளில் பேச்சே இல்லாதவை மிகுதி. மணி அடிக்கும், எடுத்தால் மூச்சுமட்டும் கேட்கும், வைத்துவிடுவார்கள். அவற்றை வீண் அழைப்பு என்று தள்ளாமல் பொறுமையோடு கேட்குமாறு பணியாளர்க்குச் சொல்லப்படுகிறது. முதல்நாள் பேசாத பிள்ளை இன்னொரு நாள் பேசக்கூடும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்த எந்தக் குருவுக்கும் இது விளங்கும்.

மறைநூலில் வீட்டைவிட்டு ஓடியவர்களுள் ஒருத்தி ஆகார். தலைவியின் கொடுமை தாளாமல் பாலைநிலத்துக்கு ஓடியவளை, நீரூற்றின் அருகே வானதூதர் கண்டார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று முதலில் கேட்டார். அவள் விடை சொல்லும்வரை பொறுத்தார். அதன் பின்னரே, வாக்குறுதி ஒன்றைக் கொடுத்து, திரும்பிப் போகச் சொன்னார். ஆனால் ஆண்டுகள் கழித்து அவள் மகனோடு மறுபடியும் பாலைநிலத்தில் நின்றபோது, திரும்பிப் போ என்ற சொல்லே எழவில்லை. சிறுவன் கிடந்த இடத்திலேயே அவன் குரலை இறைவன் கேட்டார். அங்கேயே நீர்க்கிணற்றைக் காட்டினார். அச்சிறுவனின் பெயரான இஸ்மயேல் என்பதற்கே 'கடவுள் கேட்கிறார்' என்பதுதான் பொருள். ஒருமுறை வீட்டுக்கு அனுப்பினார், மறுமுறை அனுப்பவில்லை, இருமுறையும் கேட்டார். நாம் குருமடத்தில் இதனைத் தேர்வுக்காகப் படித்தோம். ஒரு சிறுவனை இழந்த பிறகே புரிந்துகொண்டோம்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன சில உண்டு. உங்கள் பங்கின் மறைக்கல்வி வகுப்பறைச் சுவரில் 1098 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். எழுதுவதோடு நில்லாமல், அது புகார் எண் அல்ல, பேசுவதற்கான எண் என்று பிள்ளைகளுக்கு விளக்குங்கள். தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டால், நாலு போடவும் வேண்டாம், நாலு நல்வார்த்தை சொல்லவும் அவசரப்பட வேண்டாம். உணவு கொடுங்கள், அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பின் அழையுங்கள். பெற்றோருக்கு ஒரு சொல்: நம் பிள்ளைக்கு நம் வீட்டில் எதைக் கண்டாவது பயமுண்டா என்று கேட்பதற்கு அது வீட்டைவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு உணவு வேளையிலேயே கேட்கலாம். விடை கசப்பாக இருந்தாலும் கோபப்படாதிருங்கள்.

ஒவ்வொரு நாள் திருப்பலியிலும் உயிரோடிருப்போரை நினைவுகூரும் இடத்தில் அச்சிறுவனின் பெயரைச் சொல்லி வருகிறோம். இறந்தோரை நினைவுகூரும் இடத்தில் இதுவரை சொன்னதில்லை. அவன் எங்கோ இருக்கிறான் என்றே நம்ப விரும்புகிறோம். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் தலைகுனிந்து நிற்கும்போது அவன் காரணம் கேட்கும் தகப்பனாக இருக்க வேண்டும் என்பதே நம் மன்றாட்டு.